விற்பதா, வைத்திருப்பதா: பிலிப்ஸும் சோனியும்

கல்முனைக் கடையில் பிலிப்ஸ் மின்குமிழ்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், சின்ன எழுத்தில் சிக்னிஃபை என்றிருக்கும். பிலிப்ஸ் 2006இல் சிப் பிரிவின் பெரும்பங்கை விற்றது. 2016இல் விளக்குப் பிரிவையும் (இன்றைய சிக்னிஃபை) பங்குச்சந்தைக்கு விட்டுவிட்டு மருத்துவக் கருவிகளைப் பிடித்துக்கொண்டது. இப்படி விற்றால் ஆராய்ச்சிப் பணம் சிதறாது, சரி. ஆனால் 1984இல் கூட்டாகத் தொடங்கிய, சிப் செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் ஏஎஸ்எம்எல் இன்று பங்குச்சந்தை மதிப்பில் பிலிப்ஸையே பலமடங்கு தாண்டிவிட்டது. பிலிப்ஸ் வைத்திருந்த அதன் பங்குகளும் கைமாறிப் போயின!

சோனியும் விற்காமலில்லை, 2014இல் வையோ கணினியைக் கைகழுவியது. 1970களிலேயே ஆராய்ச்சி தொடங்கிய கமரா சென்சரை (ஒளியைப் படமாக்கும் சிப்) மட்டும் விடவில்லை. மட்டக்களப்புக் கல்யாண வீட்டில் ஐபோனை நீட்டுபவர் கையில் பெரும்பாலும் அந்தச் சென்சர்தான். காசு வருஷக்கணக்கில் முடங்கும் வழிதான் இது. என்றாலும் சிப், சென்சர் விஷயத்தில் நான் சோனி பக்கம். மின்குமிழை விற்றதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.