பேர்வால்ட் பிவி500: 340 கிலோமீட்டர் முதுகில் வந்த கரடி டப்பா

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன், வாங்க நினைக்கிற எல்லாரும் கேட்பது அதைத்தான். காலி டப்பா 1.16 கிலோ. உள்ளே ஒரு பருப்புகூடப் போடாமல் இந்தக் கணக்கு. ஒரு கிலோவுக்குள் கூடாரமே கிடைக்கிற காலத்தில் வெறும் பிளாஸ்டிக் உருளைக்கு இவ்வளவு எடையா என்று நானும் கடையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். போன ஆகஸ்டில் நானும் என் தங்கை கணவரும் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சியரா மலைகளில் போகும் ஜான் மியூர் டிரெயில் என்ற நடைபாதையை யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து விட்னி சிகரம் வரை முழுதாக நடந்தோம், ஆளுக்கொரு டப்பா, மொத்தம் இருபது நாள். இப்போது யாராவது கேட்டால், மற்ற எதில் வேண்டுமானாலும் எடையைக் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள் என்பேன்.

தெரியாதவர்களுக்காக: இது பேர்வால்ட் நிறுவனத்தின், சாப்பாட்டைக் கரடியிடமிருந்து காக்கும் டப்பா. ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட், 22 செ.மீ. விட்டம், 32 செ.மீ. உயரம், உள்ளே 11.5 லிட்டர் இடம். கரடியால் வாய்க்குள் கவ்வ முடியாத பருமன், நகத்தை மாட்டி இழுக்க விளிம்பு இல்லாத வழவழப்பு, அவ்வளவுதான் இதன் தந்திரம். யோசெமிட்டியின் காட்டுப் பகுதியில் இரவு தங்க வேண்டுமானால் இப்படி ஒரு டப்பா கட்டாயம், தெற்கே போகப் போக பாதையின் வேறு பல பகுதிகளிலும் கட்டாயம். முன்பெல்லாம் உணவு மூட்டையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். கரடிகள் கயிற்றைக் கடித்து அறுக்கக் கற்றுக்கொண்டன, கிளை தன் எடையைத் தாங்காது என்றால் தாய்க்கரடி குட்டியை மேலே ஏறவிட்டது. இதெல்லாம் நடந்த பிறகுதான் டப்பா வந்தது. மொன்டானாவில் கூண்டில் வளரும் கிரிஸ்லி கரடிகளிடம் இந்த மாதிரி டப்பாக்களுக்குள் தீனி வைத்துக் கொடுத்து, அவை ஒரு மணி நேரம் அடித்தும் கடித்தும் திறக்காமல் இருந்தால்தான் சான்றிதழ் தருகிறார்கள். இந்த மாடல் அதில் தேறியது.

சரி, மூடி விஷயம். திருகு மூடிதான், ஆனால் அதில் இரண்டு மேடுகள் இருக்கின்றன, மூடியின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கிக்கொண்டே திருப்பினால்தான் அவை ஒவ்வொன்றாகத் தாண்டும். மனிதனுக்குச் சுலபம், கரடிக்கு முடியாது என்பது கணக்கு. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும், விரல்களும் விறைத்திருக்கும், அப்போது மனிதனுக்கும் பாடுதான். மியூர் கணவாய்க்குக் கீழே ஏரிக்கரையில் உறைபனி விழுந்த ஒரு காலையில், காப்பி போடத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க, காப்பித்தூள் கண்ணுக்கு முன்னால் டப்பாவுக்குள் இருக்க, நான் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பழைய வங்கி அட்டை ஒன்றை மேட்டுக்கும் மூடிக்கும் நடுவே செருகித் திருப்பினால் சட்டென்று வந்துவிடும், இந்தப் பாதையில் நடக்கிற பலரும் செய்வது. அந்த அட்டையை மட்டும் டப்பாவுக்கு உள்ளே போட்டு மூடிவிடாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு அடைப்பது. எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் இருக்கிற குறிப்புகள் எல்லாம் டார்ட்டியா, வேர்க்கடலை வெண்ணெய், உறையவைத்து உலர்த்திய பொட்டலச் சாப்பாடு என்று போகும். நம் ஆட்களுக்கு நாலாவது நாளே நாக்கு செத்துவிடும். ஒரு ஆளுக்கு ஏழு நாள் உணவு கொள்ளும் என்று சொல்கிறார்கள். நாங்கள் நடுவழியில் இருக்கும் மியூர் டிரெயில் ராஞ்ச் என்ற இடத்திலிருந்து விட்னி வரை ஒன்பது நாள் உணவை அடைத்தோம். எப்படியென்றால், அவலை மிக்ஸியில் ரவை பதத்துக்கு உடைத்துக்கொண்டோம், இடம் பாதியாகக் குறைந்துவிடும், வெந்நீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் வெந்தும் விடும். வறுத்த ரவையில் கடுகு, முந்திரி, காய்ந்த கறிவேப்பிலை தாளித்துக் கலந்த உப்புமாக் கலவை. சத்துமாவு. பருப்புப் பொடி, அதற்குச் சின்ன பாட்டிலில் நெய். புளிக்காய்ச்சலை நன்றாகச் சுண்டவைத்து இரட்டைப் பையில் போட்டோம். கடலை மிட்டாயை நொறுக்கி இடுக்குகளில் கொட்டினோம், முறுக்கும் அப்பளமும் வீட்டிலேயே இருந்தன. எல்லாப் பையிலும் ஊசியால் ஒரு துளை போட்டுக் காற்றைப் பிதுக்கி எடுத்து, கடைசி நாள் சாப்பாடு அடியில், முதல் நாளுடையது மேலே. முதல் நாள் பகல் சாப்பாடு மட்டும் வெளியே, அதைப் பொழுது சாய்வதற்குள் தின்று தீர்த்தோம். டப்பா கண்ணாடி மாதிரி இருப்பதால் எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிறது, கறுப்பு டப்பா வைத்திருந்த ஒருவர் தினமும் எல்லாவற்றையும் தரையில் கொட்டித் தேடுவதைப் பார்த்தபோதுதான் இதன் அருமை புரிந்தது.

மியூர் டிரெயில் ராஞ்ச் ஏறக்குறைய பாதி வழி. அங்கே உணவை முன்கூட்டியே சுமார் 19 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் அனுப்பி வைக்கலாம். முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: வாளி 19 லிட்டர், டப்பா 11.5 லிட்டர். வாளி நிறைய அனுப்பிவிட்டு, அங்கே போய் டப்பாவுக்குள் போகாத பாதியை, மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் பொதுப் பீப்பாயில் கொட்டிவிட்டு நடக்கிறார்கள். வீட்டிலேயே ஒருமுறை டப்பாவில் அடைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் போடுகிற களிம்பு எல்லாம் டப்பாவுக்குள்தான் போக வேண்டும், அதற்கும் இடம் விடுங்கள். கரடிக்கு மணம் வருகிற எல்லாமே உணவுதான். வழியில் சில முகாம்களில் இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன, ஆனால் ராஞ்சுக்குத் தெற்கே முதல் பெட்டி உட்ஸ் கிரீக் என்ற இடத்தில்தான், அதுவரை நாலைந்து இரவு டப்பாவை மட்டுமே நம்ப வேண்டும்.

இனி லையல் கேன்யன். பாதையின் தொடக்கத்தில், நாலாவது இரவு. டோனஹியூ கணவாய்க்கு ஏறுவதற்கு முன் புல்வெளியும் ஆறுமாக நீண்டு கிடக்கும் இடம், கரடி நடமாட்டத்துக்குப் பேர்போனது. டப்பாக்களைக் கூடாரத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி இரண்டு பாறைகளுக்கு நடுவே வைத்திருந்தோம். இது தப்பு, குறைந்தது நூறு அடி தள்ள வேண்டும். களைப்பில் அடிகளை எண்ணாமல் விட்டுவிட்டோம். இரண்டு மணி இருக்கும். "மச்சான், எந்திரிங்க, வெளியில ஏதோ உருட்டுது" என்று மாப்பிள்ளை என் தோளை உலுக்கினார். டொக், அப்புறம் சரளையில் உருளும் சத்தம், மறுபடி டொக். விளக்கடித்தால் இரண்டு கண்கள் பச்சையாக மின்னின. எழுந்து நின்று, "ஏய்! போ! போ!" என்று தொண்டை கிழியக் கத்தினோம், அவர் பாத்திரத்தைத் தட்டினார். கரடி நம்மை நெருங்கினால் முடிந்த அளவு சத்தம் போட வேண்டும் என்பதுதான் யோசெமிட்டியில் சொல்லித்தருவது. அது உடனே ஓடவில்லை. இன்னும் இரண்டு மூன்று தட்டுத் தட்டிவிட்டு, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக மரங்களுக்குள் போனது. அதன் பிறகு எங்களுக்கு ஏது தூக்கம்.

விடிந்ததும் தேடினோம். ஒரு டப்பா வைத்த இடத்திலேயே சாய்ந்து கிடந்தது. என்னுடையது இருபத்தைந்து அடி தள்ளி, ஆற்றுக்கு இறங்கும் சரிவில், ஒரு பைன் வேரில் முட்டி நின்றிருந்தது. மேலெல்லாம் எச்சில், அதில் பைன் ஊசிகள் ஒட்டியிருந்தன. பக்கவாட்டில் நீளமாக நாலு கீறல், விளிம்பில் பல் அழுத்திய இரண்டு பள்ளம். மூடி ஒரு மேட்டைக்கூடத் தாண்டவில்லை. உள்ளே பருப்புப் பொடி பொடியாகவே இருந்தது. ஒட்டியிருந்த பளபளப்பு நாடாவால்தான் அவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டது, நீங்களும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கரடியை அன்று காலையே மறுபடி பார்த்தோம். ஆற்றுக்கு அக்கரையில் விழுந்து கிடந்த மரத்தைப் புரட்டி எறும்பும் புழுவும் தின்றுகொண்டிருந்தது. கருங்கரடி என்று பெயரே தவிர நிறம் செம்பட்டை, வெயில் பட்டதும் முதுகு முழுக்கத் தேன் நிறம். காதில் ஒரு வில்லை. அந்த வில்லையைப் பார்த்ததும் எனக்கு மனம் கனத்துவிட்டது. ஏதோ ஒரு சமயம் அதைப் பிடித்து அடையாளம் போட்டுவிட்டிருக்கிறார்கள். நாங்கள் வைத்தது வெறும் துணிப்பையாக இருந்தால் அன்றிரவு அது நெய்யும் கடலை மிட்டாயும் தின்றிருக்கும், அடுத்த இரவு அடுத்த கூடாரத்துக்குப் போயிருக்கும், பகலிலும் ஆளைத் துரத்தத் தொடங்கியிருக்கும், அப்படி ஆகிவிட்ட கரடியைக் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள். 1920, 30-களில் இதே யோசெமிட்டியில் கரடிகளுக்குக் குப்பை உணவு போட்டு, சனங்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். 1998-இல் ஒரே வருடத்தில் அங்கே கரடிகள் காரை உடைத்தது, உணவைத் தூக்கியது என்று 1,500-க்கு மேல் சம்பவங்கள். டப்பாவும் இரும்புப் பெட்டியும் கட்டாயமான பிறகு அது பெருமளவு குறைந்தது.

நான் கோத்தகிரிக்காரன். எங்கள் பக்கம் கரடி தேயிலைத் தோட்டம் வழியாக இறங்கி வந்து கோவில் கதவை உடைத்து விளக்கேற்ற வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும், ரேஷன் கடை, சத்துணவுக்கூடம் எதையும் விடாது. அது வேறு இனம், தேன்கரடி, திடீரென்று எதிரே போய்விட்டால் மிக ஆபத்தானது. ஆனால் கதை ஒன்றுதான், ஒருமுறை ருசி கண்டால் விடாது. அரிசிக்காக வீடுகளை உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023-இல் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு, அங்கிருந்து களக்காடு முண்டந்துறைக்கு என்று மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே. அந்த யானை என்ன தப்பு செய்தது?

கரடியைத் தவிர மார்மட்டும் இருக்கிறது. பூனை அளவில் கொழுகொழுவென்று அணில் இனம், கணவாய்களில் பாறை மேல் படுத்து வெயில் காயும், ஆள் நகர்ந்ததும் முதுகுப்பையைக் குடையும். ஊன்றுகோலின் கைப்பிடியில் வியர்வை உப்பு இருந்தால் அதையும் கடிக்கும். டப்பாவிடம் அதன் பல்லும் பலிக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. 45 லிட்டர் பையில் இது நிமிர்ந்துதான் போகும், பக்கத்தில் வேறெதுவும் உருப்படியாக நுழையாது, 60 லிட்டராவது வேண்டும். தூங்கும் பை அடியில், அதன் மேல் முதுகை ஒட்டி டப்பா, சுற்றிலும் துணிகள் என்று வைத்தால் முதுகெலும்பில் இடிக்காது. சாப்பாடு தீர்ந்த பிறகும் டப்பா சுருங்காது, கடைசி நாள் விட்னி ஏறும்போதும் அதே பருமன். கார்பன் இழையில் செய்த இலகுவான டப்பாக்கள் இருக்கின்றன, விலை பல மடங்கு. இது நான் வாங்கியபோது நூறு டாலருக்குள் முடிந்தது. இன்னொன்று, நியூயார்க்கின் அடிரொண்டாக் மலைகளில் இரண்டு காதிலும் மஞ்சள் வில்லை போட்ட ஒரு பெண் கரடி இந்த நிறுவனத்தின் டப்பாவைத் திறக்கக் கற்றுக்கொண்டது, மூடியை மாற்றி இரண்டாவது மேடு வைத்தபோது அதையும் திறந்தது. அந்தக் கரடி 2012-இல் வேட்டையில் செத்துப்போனது. அந்தப் பக்கம் போகிறவர்கள் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சியராவுக்கு இது போதும்.

வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் போகிறவர் வாங்க வேண்டியதில்லை, யோசெமிட்டியில் அனுமதிச் சீட்டு வாங்குகிற இடத்திலேயே வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் நடப்பவர்கள் வாங்கிவிடலாம், கவிழ்த்துப் போட்டால் முகாமில் உட்கார அதைவிட நல்ல முக்காலி கிடையாது. இரவு நூறு அடியை எண்ணி நடந்து, ஆற்றுக்கும் பள்ளத்துக்கும் தள்ளி, சமதரையில் வையுங்கள். மூடி இரண்டு மேட்டையும் தாண்டிவிட்டதா என்று கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் படுங்கள், எங்கள் மாப்பிள்ளை லையலுக்குப் பிறகு தினமும் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தார்.