ரைன்டாலாங்கர்ஹுட்டே: ட்சுக்ஷ்பிட்ஸ போகும் வழியில் ஒரு ராத்திரி

மியூனிக்கில் படிக்க வருகிற பலரும் முதல் கோடையிலேயே ட்சுக்ஷ்பிட்ஸ ஏறிவிடத் துடிப்பார்கள். 2,962 மீட்டர், ஜெர்மனியிலேயே உயரமான மலை, அடிவாரத்து ஊரான கார்மிஷ்-பார்டன்கிர்ஷனுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், அப்புறம் என்ன யோசனை என்று நாங்கள் நான்கு பேரும் அப்படித்தான் இருந்தோம். ஒரே நாளில் ஏறிவிட்டு உச்சியிலிருந்து கேபிள் காரில் இறங்கலாம் என்பது முதல் திட்டம். ரைன்டால் பள்ளத்தாக்கு வழியாக இருபத்தொரு கிலோமீட்டர் நடை, 2,200 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்று தெரிந்தே போட்ட திட்டம். என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்யும் பவேரியாக்காரர்தான் தடுத்தார். "நடுவில் ஒரு ராத்திரி ரைன்டாலாங்கர்ஹுட்டேயில் தங்குங்கள், மறுநாள் இடி வருவதற்குள் உச்சிக்குப் போய்விடலாம்" என்றார். அவர் பேச்சைக் கேட்டது எவ்வளவு நல்லது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஹுட்டே என்றால் மலைக்குடில். ஹோட்டலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மலையேறுகிறவர்களின் சங்கமான ஜெர்மன் ஆல்பைன் கழகத்தின் மியூனிக் பிரிவுக்குச் சொந்தமானது, 1,369 மீட்டர் உயரத்தில் பார்ட்னாக் ஆற்றை ஒட்டியே நிற்கிறது, கோடைக்காலத்தில்தான் திறந்திருக்கும். 1936 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஸ்கீ மைதானத்திலிருந்து நடக்க ஆரம்பித்தால் முதலில் பார்ட்னாக் மலையிடுக்கு. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், சுமார் 700 மீட்டர் தூரத்துக்குப் பாறையைக் குடைந்த பாதை, பக்கத்தில் ஆறு இரைகிற இரைச்சலில் பேச்சே கேட்காது, வெயில் நாளிலும் தலையில் தண்ணீர் சொட்டும், அதனால் மழைக்கோட்டைப் பையின் அடியில் வைக்காதீர்கள். அதைத் தாண்டினால் ஆற்றோரக் காட்டுப்பாதைதான். நீளம், ஆனால் மூச்சு வாங்குகிற ஏற்றம் அதிகமில்லை. நின்று நின்று போனதால் எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது.

வழியில் இருக்கும் பாக்ஹுட்டேயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நண்பனின் ஷூ போய்விட்டது. ஆன்லைனில் பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் "ஒரே தடவை போட்டது" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கிய மலையேற்ற பூட்ஸ். மேலே தோல் பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் குதிகால் பக்கம் அடிப்பாகம் வாயைப் பிளந்து, உள்ளே இருந்த நுரைப்பகுதி விரல் பட்டாலே காய்ந்த கேக் மாதிரி உதிர்ந்தது. அந்த நுரை பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரத்தால் வருடக்கணக்கில் சிதைந்துகொண்டே வரும், போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சிதையும். பழைய பூட்ஸ் வாங்குகிறவர்கள் எத்தனை தடவை போட்டது என்று கேட்பதைவிட எந்த வருடம் தயாரித்தது என்று கேளுங்கள், அடிப்பாகத்தை வளைத்தும் கட்டைவிரலால் அழுத்தியும் பாருங்கள். கடைக்கு இரண்டு மெயில் அனுப்பினோம், பதிலே இல்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, மலையில் ஒருவன் நம்பிக் கால் வைக்கிற பொருள் அது.

டேப்பையும் ஒரு கயிற்றையும் சுற்றிக் கட்டி எப்படியோ குடிலுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் நேபாளத்துப் பிரார்த்தனைக் கொடிகள், கீழே ஆறு. பூட்ஸைக் கழற்றி அதற்கான இடத்தில் வைத்துவிட்டு வீட்டுச் செருப்போடுதான் உள்ளே போக வேண்டும். படுக்கை பெரிய பலகையில் வரிசையாகப் போட்ட மெத்தைகள், முன்பின் தெரியாதவர் பக்கத்தில் படுத்திருப்பார். போர்வை தருகிறார்கள், ஆனால் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ள உறை மாதிரி மெல்லிய துணிப்பை ஒன்றை நாமே கொண்டுபோக வேண்டும், அது கட்டாயம். பத்து மணிக்கு மேல் பேச்சுச் சத்தம் கூடாது. குறட்டைக்குக் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். போனில் எங்கள் நான்கு பேருக்குமே சிக்னல் வரவில்லை, அதனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்வது நல்லது, பணத்தையும் நோட்டாக எடுத்துப் போங்கள். கழக உறுப்பினராகச் சேர்ந்தால் ஒரு ராத்திரிக்குக் குறைந்தது பத்து யூரோவாவது மிச்சம், மீட்புச் செலவுக்கான காப்பீடும் சேர்ந்தே வருகிறது, 25 வயது வரைக்கும் சந்தாவும் குறைவு. மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

சாயங்காலம் சூடாகப் பருப்பு சூப் வந்தது. ஐந்து மணி நேரம் நடந்த உடம்புக்கு அந்த முதல் கரண்டி இறங்கியபோது யாருமே பேசவில்லை. சாப்பிட்ட பிறகுதான் அந்த பூட்ஸை மேஜை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். மேலே 2,051 மீட்டரில் இருக்கும் க்னோர்ஹுட்டே வரை செங்குத்தான ஏற்றம், அதற்கப்புறம் சரளைக்கல், கடைசியில் இரும்புக் கயிற்றைப் பிடித்து ஏறுகிற பாறை. பிய்ந்த அடிப்பாகத்தோடு அவன் அங்கே போகக் கூடாது என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, நானும் இறங்குவதாகச் சொன்னேன். ஒரே நாள் திட்டத்தில் போயிருந்தால் இந்தப் பேச்சு நடுச்சரிவில், மத்தியானம், மேகம் கட்டுகிற நேரத்தில் நடந்திருக்கும், இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று அவனும் மேலே நடந்திருப்பான். அதற்காகவே இந்தக் குடிலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

காலை ஆறரைக்கு மற்ற இரண்டு பேரும் மேலே கிளம்பினார்கள், நாங்கள் ஆற்றோரமாகவே இறங்கினோம். பன்னிரண்டரைக்கு அவர்கள் உச்சியிலிருந்து கூப்பிட்டபோது நாங்கள் கார்மிஷ் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு மலைப்பக்கம் முதல் இடி கேட்டது, அதற்குள் அவர்கள் கேபிள் காரில் கீழே வந்துவிட்டார்கள். செப்டம்பருக்கு இரண்டு இடம் பதிவு செய்திருக்கிறேன். நண்பன் இந்த முறை கடைக்கே போய்ப் புது பூட்ஸ் வாங்கிவிட்டான், கால் பழக வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு வருகிறான்.