நைட்ரோ நெடிக்கு ஒரு நாள் டிக்கெட்: சாண்டா பாட் டிராக்ஸ்டால்ஜியா

மிளகாய் வற்றலை வாணலியில் போட்டுவிட்டு மறந்துபோய், அது கருகும் நேரத்தில் அதே அறையில் யாரோ நெயில் பாலிஷ் பாட்டிலையும் கவிழ்த்துவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான், பந்தய வண்டிகளுக்கு எரிபொருளாக ஊற்றும் நைட்ரோமீத்தேன் எரியும் நெடி. முதல் மூச்சில் தொண்டை கமறும், இரண்டாவதில் மூக்கு ஒழுகும், மூன்றாவது மூச்சுக்கு பெரும்பாலானவர்கள் அங்கே நிற்பதில்லை. நின்றால் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வரும், பக்கத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார், அவர் கண்ணும் சிவந்துதான் இருக்கும். இந்த நெடிக்காகத்தான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போனேன். மறுபடியும் வாங்குவேன்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் பெட்போர்ட்ஷயர் பக்கம் சாண்டா பாட் ரேஸ்வே என்று ஒரு டிராக் ரேஸ் களம் இருக்கிறது. அங்கே ஜூலை மாதம் டிராக்ஸ்டால்ஜியா என்ற பெயரில் பழைய டிராக் வண்டிகளுக்கென்றே ஒரு வார இறுதி நடக்கும். கார்கள்தான் அதிகம், அவற்றைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் போனது பைக்குகளுக்காக, அதிலும் 60களிலும் 70களிலும் நைட்ரோ குடித்து ஓடிய இரட்டை எஞ்சின் பைக்குகளுக்காக. டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வளைவே கிடையாது, கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்பாதை, இரண்டு வண்டி, விளக்கு பச்சையானதும் கிளம்ப வேண்டியது, அந்தப் பக்கம் யார் முதலில் போகிறாரோ அவர் ஜெயித்தார். நான் இருப்பது மில்டன் கீன்ஸில், காரில் போகிற தூரம்தான். கூட வர மனைவி மறுத்துவிட்டதால் ஊரிலிருந்து படிக்க வந்திருக்கும் மச்சானை இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்குத் தெரிந்த பைக் எல்லாம் யூடியூபில் ஓடுகிற பைக்தான்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்களின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய பாடிங்டன் விமானத் தளம்தான் இது. போர் முடிந்து சும்மா கிடந்த ஓடுபாதையில் 1966 ஈஸ்டர் சமயத்தில் டிராக் ரேஸ் ஆரம்பித்தார்கள். பெயரில் பாதி இந்த ஊரிலிருந்து வந்தது, மீதிப் பாதி கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவிடமிருந்து இரவல். அந்த சாண்டா ஆனாவில் 1950ல் டிக்கெட் போட்டு டிராக் ரேஸ் நடத்தத் தொடங்கியதும் ஒரு விமான நிலையத்து ஓடுபாதையில்தான். இதைப் படித்தபோது எனக்கு சோழவரம் ஞாபகம் வந்துவிட்டது. நம்ம சோழவரமும் போர்க்கால ஓடுபாதைதானே. இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்பு மெட்ராஸ் ரேஸ் என்றாலே சோழவரம்தான். 80களில் அப்பா என்னை பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து அங்கே கூட்டிப் போவார், வெயிலில் தகரம் மாதிரி சுடும் டேங்க் அது. சாண்டா பாட் கேட்டைத் தாண்டி உள்ளே போய், புல்தரைக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நீளும் அந்தப் பாதையைப் பார்த்ததும் இது எனக்குத் தெரிந்த இடம் என்றுதான் தோன்றியது. வெயில் மட்டும் மிஸ்ஸிங்.

ஒரு சின்ன கிளைக்கதை. சாண்டா ஆனா தொடங்கிய புதிதில் அங்கே கார்க்காரர்களின் முகத்தில் கரி பூசியது ஒரு மோட்டார் சைக்கிள். செட் ஹெர்பர்ட் என்பவர் ஒரு ஹார்லியைக் கழற்றி, வேண்டாததையெல்லாம் வீசியெறிந்து, எரிபொருளை மாற்றி, 'பீஸ்ட்' என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தார். கால் மைல் முடிவில் அது மணிக்கு 120 மைலைத் தாண்டியது, கார்கள் பின்னால் நின்றன. ஹெர்பர்ட்டால் அதை ஓட்ட முடியாது. போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர் அவர், ஓட்டியது வேறு ஆள். பெரிய எஞ்சின் வைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எடையைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த வண்டிதான் என்பார்கள்.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். இந்த டிக்கெட்டின் பெறுமானம் முழுக்க பிட்டில் இருக்கிறது. வண்டிகளைக் கழற்றி மாட்டும் அந்த இடத்துக்குள் யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம், கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவதில்லை. காலரியில் போய் நல்ல இடம் பிடிக்கலாம் என்று மச்சான் அவசரப்பட்டான், நான் விடவில்லை. காலையில் மூன்று மணி நேரம் பிட்டிலேயே இருந்தோம், அதில் ஒன்றரை மணி நேரம் ஒரே வண்டி முன்னால்.

இரண்டு டிரையம்ப் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து சங்கிலியால் இணைத்த வண்டி. பைக் என்று சொல்வதைவிட படுக்கப்போட்ட ஏணிக்கு இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டியது என்றால் சரியாக இருக்கும். முன் சக்கரம் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லி, பின்னால் காருக்குப் போடுகிற அகலத்தில் பள்ளமே இல்லாத வழவழ டயர், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. பின்பக்கம் ஷாக் அப்சார்பரே கிடையாது. வண்டிக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், வலது கையில் சுண்டு விரல் மட்டும் நேராக நிற்காது. ஏன் என்று கேட்கவில்லை, அவரே பிறகு சொன்னார்: 70களில் ஒரு நாள் சங்கிலி அறுந்ததாம்.

நைட்ரோவை அவர் அளந்து கலந்ததைப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் ஊற்றி, அதில் மிதவைக் கருவியை விட்டு, தெர்மாமீட்டரையும் பார்த்து, மெத்தனாலைக் கொஞ்சம் சேர்த்து, மறுபடி மிதவையைப் பார்த்து... பாகு பதம் பார்க்கிற சமையல்காரர் தோற்றார். வெயில் ஏறினால் அடர்த்தி மாறும், சதவீதம் தப்பாகக் காட்டும், தப்பினால் பிஸ்டனில் ஓட்டை. இந்த ஊரில் நைட்ரோமீத்தேனை நினைத்தபடி வாங்கிவிடவும் முடியாது, வெடிபொருள் செய்யப் பயன்படக்கூடியது என்பதால் லைசென்ஸ் வேண்டும். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுகிற சரக்குதான் இது.

இதில் என்ன அப்படி விசேஷம் என்று மச்சான் கேட்டான். எஞ்சினின் பிரச்சினை பெட்ரோல் போதாதது இல்லை, காற்று போதாதது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும், ஏனென்றால் அது ஆக்சிஜனை மடியில் கட்டிக்கொண்டே வருகிறது. எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலின் சக்தியில் நைட்ரோவுக்குக் கால்பங்குதான். ஆனால் அதே மூச்சுக்கு எட்டு மடங்குக்கு மேல் உள்ளே ஊற்றலாம் என்றால் கணக்கு எங்கே போகிறது பாருங்கள், இரண்டு மடங்குக்கு மேல். இது தவிர, அவ்வளவு ஊற்றினால் எல்லாம் உள்ளேயே எரிந்து முடியாது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும், குழாய் வாயில் நெருப்பு தெரிவது அதனால்தான். பகலில் சரியாகத் தெரியாது, சாயங்காலம் மேகம் கட்டியபோது தெரிந்தது.

கிளப்பும்போது சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒப்பந்தம் போட்டது மாதிரி இரண்டடி பின்னால் போனார்கள். எங்களுக்கு விவரம் தெரியாது, குழாய்க்கு நேர் பின்னால் நின்றோம். பின் சக்கரத்தை உருளைகள் மேல் வைத்துச் சுழற்றி, காற்று உள்ளே போகும் வாயில் சின்ன பாட்டிலால் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சினார்கள். இரண்டு இருமல். அப்புறம் பிடித்துக்கொண்டது. கடுகு பொரிவது போல ஒழுங்கே இல்லாத சத்தம், ஆனால் ஒவ்வொரு கடுகும் திருவிழா அதிர்வேட்டு சைஸில். காதில் கேட்பது ஒரு பக்கம், நெஞ்செலும்பில் யாரோ குத்துகிறார்கள். சட்டை தனியாக ஆடுகிறது. பெரியவர் ஆக்ஸிலேட்டரை ஒரே ஒரு தடவை சுண்டினார், அவ்வளவுதான், நெடி வந்து முகத்தில் அறைந்தது. "மாமா, கண்ணெல்லாம் எரியுது மாமா" என்று மச்சான் ஓடினான். திரும்பி வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "மறுபடி எப்ப ஸ்டார்ட் பண்ணுவாங்க?"

அணைத்த பிறகு ஆயிலை வடித்தார். அதைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ வரவில்லை. பால் கூடிப்போன காபி மாதிரி, நுரையோடு வந்தது. எரியாத எரிபொருள் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றியே ஆக வேண்டும் என்றார். பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஜோசியர் ரேகை பார்ப்பது போல. எட்டு பத்து விநாடி ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் வேலை.

டீயைக் குடித்துக்கொண்டே பழைய கதைகள் சொன்னார். தான் ஓட்டிய காலத்தில் இந்த நாட்டில் யார் யார் பெரிய ஆட்கள் என்று விரல் விட்டு எண்ணினார். ஆல்ஃப் ஹேகன், ஜேஏபி எஞ்சினுக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் மாட்டி 10 விநாடிக்குள் கால் மைலை முடித்தவர் (அந்தப் பெயரை ஷாக் அப்சார்பரில் பார்த்திருப்பீர்கள், அதே ஆள்தான்). ஜான் ஹாப்ஸ், சூப்பர்சார்ஜர் போட்ட இரண்டு வெஸ்லேக் எஞ்சின்களோடு 70களில் ஐரோப்பாவைக் கலக்கியவர். நெதர்லாந்திலிருந்து வந்த ஹென்க் விங்க், கவாஸாகி. அமெரிக்காவில் இரண்டு நார்ட்டன் கமாண்டோ எஞ்சின் வைத்த 'ஹாக்ஸ்லேயர்'. ஹார்லிக்கு ஹாக் என்று செல்லப்பெயர் உண்டு, அதாவது பன்றி, எனவே இது பன்றிக்கொல்லி. ஜான் கிரிகரி கட்டியது, டி.சி. கிறிஸ்டன்சன் ஓட்டியது. அதன் வெற்றிக்குக் காரணம் எஞ்சின் இல்லை, கிளட்ச் என்று பெரியவர் அடித்துச் சொன்னார். அவ்வளவு சக்தியையும் ஒரேயடியாக டயருக்குக் கொடுத்தால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், இல்லையென்றால் வண்டி குதிரை மாதிரி எழுந்து நிற்கும். வழுக்கி வழுக்கி மெதுவாகப் பிடிக்கும் கிளட்ச் வந்ததும்தான் எல்லாம் மாறியது.

அமெரிக்க ஓட்டுநர் ரஸ் காலின்ஸ் பெயரைச் சொன்னதும் மட்டும் அவர் தலையை ஆட்டினார், பாராட்டா திட்டா தெரியவில்லை. மூன்று ஹோண்டா 750 எஞ்சின், மொத்தம் 12 சிலிண்டர், ஒரே பைக்கில். 1976ல் அது விழுந்து நொறுங்கியது, காலின்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து வந்து என்ன செய்தார்? மூன்றை இரண்டாகக் குறைத்து 'சார்சரர்' என்று இன்னொன்று கட்டி, 7.30 விநாடி, மணிக்கு 199.55 மைல் ஓட்டினார். அரை மைல் கூட இல்லை, வெறும் 0.45 மைல் குறைந்ததால் 200 கை நழுவிப் போயிற்று. அதைச் சொல்லும்போது பெரியவர் தன் சொந்த நஷ்டம் மாதிரி வருத்தப்பட்டார்.

இப்போது குறை. வேகம் பார்க்கப் போகிறவர்கள் இந்த வார இறுதிக்குப் போக வேண்டாம். பழைய வண்டிகளை முழுசாக முறுக்க மாட்டார்கள், பாகம் கிடைக்காது, ஓட்டுபவர்களுக்கும் வயசாகிவிட்டது. நம்ம பெரியவரே பாதித் தூரத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டார். 1999ல் ஹூஸ்டனில் லாரி மெக்பிரைட் 6 விநாடிக்குள் நைட்ரோ பைக்கில் கால் மைல் ஓடியாகிவிட்டது, அந்த மாதிரி ஓட்டம் வேண்டுமென்றால் இன்றைய பைக்குகள் ஓடும் போட்டிகளுக்குப் போங்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை, மச்சானுக்குப் பட்டது.

மற்றவை சுருக்கமாக. காதடைப்பான் இல்லாமல் போகவே போகாதீர்கள். நான் ஆன்லைனில் மலிவாக வாங்கிய ஒன்று மத்தியானத்துக்குள் வளைந்து ஒரு பக்கம் இடைவெளி விட்டுவிட்டது, பஞ்சுச் செருகலை உள்ளே வைத்து அதன் மேல் மாட்டிச் சமாளித்தேன், இரண்டும் சேர்த்துப் போடுவதுதான் சரி. சாப்பாட்டு வண்டிகளில் நாங்கள் வரிசையில் நின்ற ஒன்றில் சிப்ஸ் ஆறிப்போய் வந்தது, விலை மட்டும் சூடு. வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்ததால் பிழைத்தோம், நைட்ரோ நெடியில் அதற்கு ருசியே தெரியவில்லை என்பது வேறு விஷயம். நாற்காலியும் மழைக்கோட்டும் இரண்டும் எடுத்துப் போங்கள், ஜூலை என்று நம்பாதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகலாம், ஆனால் நைட்ரோ வண்டி கிளம்பும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் ஒலிபெருக்கிக்குக் கழித்தது, பிட்டில் நிற்பவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

ராத்திரி வீடு வந்து, எடுத்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால் முழு சத்தத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். உடனே போன். "என்னடா இது, தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு, இதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்றார். போனில் அப்படித்தான் கேட்கும்ப்பா, நேரில் நெஞ்சு அதிரும் என்று என்னென்னவோ சொன்னேன், நெடியைப் பற்றிச் சொன்னேன், இரண்டு எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ம் ம் என்றார். பாதியில் நிறுத்தி, "அதெல்லாம் இருக்கட்டும், இறக்கினதும் ஆயில் என்ன கலர்ல இருந்துச்சு?" என்றார்.