மணப்பந்தலில் பேசிய ஆவி: 1937-இன் ‘டிபுக்’

போலந்தில் 1937-இல், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷில் எடுக்கப்பட்ட ‘டிபுக்’ திரைப்படத்தை யூதப் பண்பாட்டு வரலாற்றைப் படிப்பவர்கள் போற்றுகிறார்கள். பேய்ப்படங்களை விரும்பிப் பார்ப்பவர்களோ அதைத் தேடிப் போவதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். பேய் பிடித்த பெண்ணையும் பேயோட்டுதலையும் பற்றி நான் பார்த்த படங்களில், ஆவியின் பக்கமும் நியாயம் இருக்கக்கூடும் என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன படம் வேறொன்றில்லை. ‘டிபுக்’ என்ற எபிரேயச் சொல்லின் வேர்ப்பொருள் ஒட்டிக்கொள்வது, பற்றிக்கொள்வது என்பதாகும். ‘பேய் பிடித்தது’ என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தச் சொல்லை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கதை ஒரு வாக்குறுதியில் தொடங்குகிறது. சென்டர், நிசன் என்ற இரு நண்பர்கள், தங்கள் மனைவியர் சூல் கொண்டிருக்கும்போதே, ஒருவருக்கு ஆணும் மற்றவருக்குப் பெண்ணும் பிறந்தால் சம்பந்திகளாகிவிடுவது என்று கைகொடுத்து உறுதி செய்துகொள்கிறார்கள். நிசன் விரைவிலேயே இறந்துபோகிறார்; மகள் லேயாவைப் பெற்றெடுத்த சென்டரின் மனைவியும் பிரசவத்தில் இறக்கிறாள். ஆண்டுகள் கடந்து, நிசனின் மகன் கோனன் வறிய மாணவனாக அதே ஊருக்கு வந்து, சென்டரின் வீட்டிலேயே சாப்பிடுகிறான். இவன் யார் பிள்ளை என்பதை அறியாமல், பணத்தைத் தவிர வேறெதையும் நினைக்க நேரமில்லாதவராகிவிட்ட சென்டர், செல்வந்தர் வீட்டு மாப்பிள்ளை ஒருவனுக்காகப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். விவிலியத்தின் காதல் பாடலான உன்னதப்பாட்டின் வரிகளைப் பாடும் இளைஞனுக்கும் அதைக் கேட்டு நிற்கும் பெண்ணுக்கும் இடையே, பெரியவர்கள் மறந்துவிட்ட வாக்கு தானாகவே உயிர் பெறுகிறது. திருமணம் வேறிடத்தில் முடிவானதும், யூத மறைஞான மரபான கபாலாவின் விலக்கப்பட்ட மந்திரங்களின் துணையைத் தேடி, சாத்தானையே அழைக்கத் துணிந்த கோனன் அந்த இடத்திலேயே விழுந்து இறக்கிறான்.

இந்தப் படத்தை அரைமணி நேரம் மட்டும் பார்க்க முடியும் என்றால், லேயாவின் திருமண நாளைப் பாருங்கள் என்று சொல்வேன். மணப்பெண் ஊர்ப் பிச்சைக்காரர்கள் அனைவரோடும் ஆட வேண்டும் என்பது வழக்கம். வளைந்த முதுகும் பல்லில்லாத வாயும் கந்தல் உடையுமாக ஒவ்வொருவரும் அவளை இழுத்துச் சுழற்றுகிறார்கள். வட்டம் நெருங்கிக்கொண்டே வருகிறது. நடுவே அவளுடைய வெண்ணிற உடை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. பிறகு கூட்டம் விலகுகிறது. மண்டையோட்டு முகமும் வெண்போர்வையுமாக ஓர் உருவம் அவள் எதிரே நிற்கிறது. அது சாவு. இந்த நடனத்தை அமைத்த யூதிட் பெர்க்கே அந்த வேடத்தையும் ஏற்று ஆடியிருக்கிறார். அந்த உருவம் அதட்டுவதில்லை, பாய்வதுமில்லை. நிதானமாகக் கையை நீட்டுகிறது. அதில் கோனனைக் கண்ட லேயா, களைப்பெல்லாம் நீங்கியவளாய்ச் சாய்ந்துகொள்கிறாள். எந்தத் தந்திரக் காட்சியும் தராத நடுக்கத்தை அந்தச் சாய்வு எனக்குத் தந்தது. அவள் அகப்பட்டுக்கொள்ளவில்லை, வீடு திரும்புகிறவளைப் போலப் போய்ச் சேர்கிறாள்.

மணப்பந்தலுக்கு வருமுன்பே அவள் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, இறந்த தாயைத் தன் திருமணத்துக்கு அழைத்து, கோனனையும் அழைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே மணப்பந்தலின் கீழ் மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு, ‘நீ என் மணமகன் இல்லை’ என்று அவள் அலறும்போது, அவள் வாயிலிருந்து வருவது கோனனின் பேச்சு என்றாலும், அது அவளுடைய பேச்சும்தான். லேயாவாக நடித்த லிலி லிலியானா இந்த இரண்டையும் ஒரே உடலில் தாங்குகிறார். உடம்பை முறுக்குவதும் கண்களை உருட்டுவதும் அவருக்குத் தேவைப்படவில்லை. நிமிர்ந்து நிற்கும் கழுத்தும் தாழ்ந்து ஒலிக்கும் குரலும் போதுமானவையாக இருக்கின்றன.

மிரோபோல் ஊரின் ரபியிடம், அதாவது ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தின் சமயகுருவிடம், அவளை அழைத்துச் சென்ற பின்னர், படம் வழக்கு விசாரணையாக மாறுவதுதான் இதன் உச்சம். முதுமையால் தளர்ந்து, தன் ஆற்றலையே ஐயுறும் அந்த ரபி, ஆவியை விரட்டுவதற்கு முன் இறந்துபோன நிசனை அழைத்து, அவருடைய புகாரைக் கேட்கிறார். உயிரோடிருக்கும் சென்டர் ஒருபுறம், மறைப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வாதி மறுபுறம். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தர வேண்டும், இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் இறைவேண்டல் செய்ய வேண்டும் என்று தீர்ப்பாகிறது. அவர்களுக்கு உண்மையில் தர வேண்டியிருந்தது எதுவோ அது மட்டும் அந்தத் தீர்ப்பில் இல்லை. பின்னர் ஆட்டுக்கடாக் கொம்புகளை ஊதி, அந்த ஆவியைச் சமூகத்திலிருந்தே விலக்கிவைக்கும்போது, பேயோட்டுகிறவர்களின் பக்கம் நிற்க நம்மால் முடிவதில்லை. ரபியாக நடித்த ஆபிரகாம் மொரெவ்ஸ்கி, வில்னா நாடகக் குழு என்ற யித்திஷ் குழு 1920-இல் வார்சாவில் இந்தப் படத்தின் மூல நாடகத்தை அரங்கேற்றியபோதே அந்த வேடத்தை ஏற்றவர். பழக்கத்தால் வந்த அலட்சியம் அவரிடம் சிறிதும் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. முதல் அரைமணி நேரம் மெதுவாக நகர்கிறது. நடிகர்கள் சிலர் மேடையின் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காகப் பேசுவதைப் போலவே பேசுகிறார்கள். திடீரென்று தோன்றி மறையும் ‘தூதர்’ பாத்திரத்தின் தந்திரக் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு எளிமையானவை. ஆனால் அவர் சாலை நடுவில் காற்றில் கரைந்துபோகும்போது, அந்த எளிமையே அவரை அச்சத்துக்குரியவராக்குகிறது என்பது என் கருத்து. இயக்குநர் மிஹாவ் வஷின்ஸ்கி பொழுதுபோக்குப் படங்களை விரைந்து எடுத்துக்கொண்டிருந்தவர். இதில் மட்டும் நிழலுக்கும் மௌனத்துக்கும் அவர் கொடுத்திருக்கும் நேரம் வியப்பளிக்கிறது.

அந்த உலகம் கற்பனையில் கட்டியது போலத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. மூல நாடகத்தை எழுதிய எஸ். அன்ஸ்கி, 1912 முதல் 1914 வரை இன்றைய உக்ரைனிலுள்ள வொலீனியா, பொடோலியா பகுதிகளின் யூதச் சிற்றூர்களில் ஊர் ஊராக அலைந்து, கதைகளையும் பாடல்களையும் சடங்குகளையும் திரட்டியவர். படத்தின் வெளிப்புறக் காட்சிகள் சில விஸ்துலா ஆற்றங்கரையிலுள்ள காசிமியெஷ் டோல்னி என்ற ஊரில் எடுக்கப்பட்டன. கதை நடக்கும் ஊரின் நடுவே, யூதர்கள் பலர் கொல்லப்பட்ட 1648-ஆம் ஆண்டுக் கோசாக் கலகத்தில் திருமணக் கோலத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்ட மணமக்களின் கல்லறை ஒன்று இருக்கிறது. ஊரார் தங்கள் மகிழ்ச்சிகளின்போது அதைச் சுற்றி ஆடுவார்கள்.

படம் வெளிவந்த 2 ஆண்டுகளில் போர் தொடங்கியது. கோனனாக நடித்த லெயோன் லீப்கோல்டும் அவருடைய மனைவியான லிலி லிலியானாவும் நாடகப் பயணமாக அமெரிக்காவில் இருந்ததால் தப்பினார்கள். தூதராக நடித்த ஐசக் சாம்பெர்க் நாஜிகளால் கொல்லப்பட்டார். ஜெப ஆலயக் காட்சியில் பாடும் கெர்ஷோன் சிரோட்டா, அந்நாளில் உலகப் புகழ் பெற்றிருந்த வேதப்பாடகர், 1943-இல், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் இறந்தார். படத்தைச் சீரமைக்கப்பட்ட பிரதியிலேயே பாருங்கள். அவர் பாடத் தொடங்கும் இடத்தில் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.