காலிக் கோட்டை: உள்ளே தங்குவதா, உனவட்டுனவிலா?

இலங்கையின் காலி நகரிலுள்ள கோட்டைக்குள் அறை வாடகை கையைக் கடிக்கும். டச்சுக்காரர் காலத்து வீடுகள் பல இப்போது விடுதிகள். தேநீர்கூட வெளியே குடிப்பதைவிட விலை கூடத்தான். ஆனால் விடிகாலையில் கொடிப்பாறை (Flag Rock) கொத்தளத்திலிருந்து 1939இல் கட்டிய வெளிச்சவீடு வரை மதில்மேல் கூட்டமில்லாமல் நடக்கலாம். மதிலேற டிக்கெட் கிடையாது, அதுதான் பெரிய லாபம்.

கடற்கரை ஊரான உனவட்டுன சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி. அறை மலிவு, கடலில் குளிக்கலாம், பஸ்ஸுக்குச் சில்லறை போதும். வெயில் தாழ்ந்தபின் கோட்டைக்கு வாருங்கள். நடுப்பகலில் மதில்மேல் நிழல் அபூர்வம், கருங்கல் காலைச் சுடும்.

என் ஓட்டு உனவட்டுனவுக்கு. சரி, ஒரே ஓர் இரவுதான், அதுவும் கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறீர்கள் என்றால் கோட்டைக்குள்ளேயே தங்கலாம். நிலையத்திலிருந்து கோட்டை வாசலுக்கு நடந்தே போய்விடலாம், ஆட்டோ செலவு மிச்சம்.