கோத்தகிரியில் எம்.எஸ்.டபிள்யூ. கிராம முகாம்: ஏற்பாட்டாளர்களின் சேவை எப்படி?

கோத்தகிரி வட்டாரத்தில் சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) மாணவர்களுக்குக் கிராம முகாம் நடத்தித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பத்து நாள் ஏற்பாடு பற்றிய மதிப்புரை இது. தங்குமிடம், சாப்பாடு, ஜீப் மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இவர்களிடம் மெச்ச வேண்டியது ஊருக்குள் நுழையும் முறை. இருளர், குறும்பர் ஊர்களில் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்குகிறார்கள்; வேண்டாம் என்ற ஊருக்குப் போவதில்லை. முதல் நாள் கேள்வித்தாளும் கிடையாது, கேமராவும் கிடையாது. எல்லாக் கல்லூரிகளும் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இது.

சறுக்குவது சமூக வரைபடத்தில். காலை 11 மணிக்கு ஊர் மக்களிடம் கோலப்பொடி கொடுத்துத் தரையில் தங்கள் ஊரை வரையச் சொல்கிறார்கள். அப்போது பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். வீட்டில் இருக்கும் சில ஆண்களும் முதியவர்களும் வரைவதுதான் ஊரின் படமாகிறது. கோயில், கடை, தார்ச்சாலை எல்லாம் வரும், விறகுக்குப் போகும் தடமும் தண்ணீர் எடுக்கும் ஊற்றும் விட்டுப்போகும். மாலைக்குத் தள்ளிவைக்கவும் முடியாது. இருட்டினால் யானை, காட்டெருமை பயம். வார விடுமுறை நாளில், பெண்களுக்குத் தனிக் குழு வைத்து வரைவதே சரி.

மலை ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வரைபடத்தில் குழாயும் வீடும் ஒரு விரல் இடைவெளியில் இருக்கும். நேரில் பார்த்தால் நிறைகுடத்தோடு செங்குத்தான படிகள் ஏற வேண்டும். சரிவைக் காட்டாத படம் இங்கே பாதிப் படம்தான். மேடு, பள்ளத்துக்குத் தனி நிறப் பொடி கொடுத்தாலே போதும், இவர்கள் கொடுப்பதில்லை. தூறல் போட்டால் பொடி கரைந்துவிடும். வரைந்து முடித்த கையோடு சார்ட் தாளில் நகல் எடுத்துவிடுங்கள்.

பருவகால நாட்காட்டிப் பயிற்சி நன்றாக நடக்கிறது. 12 கட்டங்களில் புளியங்கொட்டை வைத்து வேலை, நோய், கடன் எந்த மாதம் கூடுகிறது என்று கேட்கிறார்கள். கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள குஞ்சப்பனைப் பக்கம் என்றால் பலா பழுக்கும் காலத்து யானை வரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்; வேலைக்குப் போவதும் பள்ளிக்குப் போவதும் அப்போது மாறும்.

பெரிய மனக்குறை ஒன்று உண்டு. கடைசி நாள் சார்ட்டுகளைச் சுருட்டிக் கல்லூரிக்கு எடுத்துப்போக விட்டுவிடுகிறார்கள். ஊர் மக்கள் அரைநாள் கூலியை விட்டு உட்கார்ந்து வரைந்தது அது. ஒரு நகலாவது அங்கே இருக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் தண்ணீர், பாதை கேட்டுத் தீர்மானம் போட அந்தப் படம் கைகொடுக்கும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபை ஊர் அளவில் கூடுவது, ஊராட்சி கிராம சபை வேறு என்பதையும் மாணவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை.

பதிவு செய்யும்போது நகல் விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பர் வேண்டாம், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் மண்சரிவும் அப்போதுதான். 2009 நவம்பர் மண்சரிவை நீலகிரி மறக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி தோது. சிறிய ஊருக்கு ஆறு பேருக்கு மேல் அனுப்பாதீர்கள்.