எஸ்கேப் கீயை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஆக்சஸ் ஃபார்ம்கள் பற்றி

நாள் முழுக்க என்ட்ரி போடுகிறவர்கள் மவுஸைத் தொடுவதே அபூர்வம். அதனால் டேட்டாபேஸ் ஃபார்ம் மென்பொருள் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது, தப்பாக ஒரு கீயைத் தட்டிவிட்டால் என்ன ஆகிறது, அதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதைத்தான். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இந்த விஷயத்தில் பாதி அருமை, பாதி ஆபத்து.

அருமையை முதலில் சொல்கிறேன். டேபிளோடு (தரவைச் சேமிக்கும் அட்டவணையோடு) இணைத்த ஃபார்மில் ஒரு வரி புரோகிராம் கோடு எழுதாமலேயே இரண்டு அடுக்கு அன்டூ (மாற்றத்தைத் திரும்பப் பெறும் வசதி) கிடைக்கிறது. ஃபோன் நம்பரை மாற்றி அடித்துக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் தட்டினால் அந்த நம்பர் மட்டும் பழையபடி ஆகும், இன்னொரு முறை தட்டினால் அந்த ரெக்கார்டில் (டேபிளின் ஒரு முழு வரியில்) செய்த மாற்றம் முழுவதும் போய்விடும். 1992-ல் வந்த மென்பொருளில் இப்படி ஒரு வசதி தானாகவே இருப்பது பெரிய விஷயம்.

ஆனால் இதிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. நம்பரை அடித்துவிட்டு டேப் தட்டி முகவரிக்குப் போய்விட்டீர்கள், அங்கே இன்னும் எதுவும் அடிக்கவில்லை, அப்போதுதான் நம்பர் தப்பு என்று தெரிந்து எஸ்கேப் தட்டுகிறீர்கள் என்று வையுங்கள். முகவரியில் திரும்பப் பெற எதுவும் இல்லாததால் ஒரே தட்டில் ரெக்கார்டு முழுவதும் பழைய நிலைக்குப் போய்விடும். புது ரெக்கார்டு என்றால் அதுவரை அடித்த பத்து கட்டமும் காலி, ஒரு கேள்விகூட வராது.

இதற்கு நிறையப் பேர் கீடவுன் நிகழ்வில் (கீயை அழுத்தியதும் ஓடும் கோடில்) எஸ்கேப்பைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அது அரைகுறை வைத்தியம். கன்ட்ரோல் இசட் வழியாகவோ மேலே இருக்கும் அன்டூ பட்டன் வழியாகவோ அதே வேலை நடக்கும். ஃபார்முக்கென்றே அன்டூ நிகழ்வு இருக்கிறது, அதில் அன்டூவைத் தடுக்கும் கேன்சல் மதிப்பும் உண்டு. "எல்லா மாற்றத்தையும் விட்டுவிடவா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் கேன்சலை ட்ரூ ஆக்கிவிட்டால் போதும், எந்த வழியில் வந்தாலும் நிற்கும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், இந்த நிகழ்வு ஓடும்போது அன்டூ இன்னும் நடந்திருக்காது. அதனால் அங்கே டர்ட்டியை (சேமிக்காத மாற்றம் இருக்கிறதா என்று சொல்லும் மதிப்பை) சோதித்து சேவ் பட்டனை அணைக்கலாம் என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

கீபோர்டு நிகழ்வுகளுக்குத் தாராளமாக நல்ல மார்க் கொடுக்கலாம். ஃபார்மின் கீ பிரிவியூ அமைப்பை யெஸ் ஆக்கினால் கீ முதலில் ஃபார்முக்குத்தான் வரும், அப்புறம்தான் டெக்ஸ்ட் பாக்ஸுக்குப் போகும். கீடவுனில் அந்தக் கீயின் எண்ணான கீகோடை 0 ஆக்கினால் அந்தக் கீ அங்கேயே முடிந்தது. பேஜ் அப், பேஜ் டவுன் (கீகோடு 33, 34) இரண்டையும் இப்படி அடைத்துவிடுவது என் வழக்கம், ஏனென்றால் அவை சத்தமில்லாமல் அடுத்த ரெக்கார்டுக்குப் போய்விடும், போகிற போக்கில் அரைகுறை ரெக்கார்டைச் சேமித்தும் விடும். கடைசிக் கட்டத்தில் டேப் தட்டினாலும் அதே கதைதான், கடைசிக் கட்டத்திலிருந்து டேப் எங்கே போகும் என்று சொல்லும் சைக்கிள் அமைப்பை கரன்ட் ரெக்கார்டு என்று மாற்றினால் சரியாகிவிடும். அம்புக்குறி, ஃபங்ஷன் கீ எல்லாம் எழுத்து அடிக்கும்போது ஓடும் கீபிரஸ் நிகழ்வில் வராது, அதற்குக் கீடவுன்தான்.

எனக்குத் தீராத கோபம் சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் வைக்கும் இன்னொரு ஃபார்ம்) மேல்தான். பில் தலைப்பு மேலே, சரக்கு வரிகள் கீழே சப்ஃபார்மில் என்று வைத்தால், கர்சர் கீழே இறங்கிய நொடியில் தலைப்பு சேமிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு கோடில் மீ.அன்டூ (ஃபார்மை அன்டூ செய்யும் கட்டளை) எழுதினாலும் பயனில்லை, அது சேமிக்காத மாற்றத்தை மட்டும்தான் தொடும். பயனாளிக்கோ மொத்தமும் ஒரே பில், "ரத்து" பட்டனை அழுத்தினால் எல்லாம் போகும் என்றுதான் நினைப்பார், அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. உருப்படியான வழி, தற்காலிக டேபிள்களில் என்ட்ரி வாங்கி, ஓகே சொன்ன பிறகு அசல் டேபிளுக்கு மாற்றுவதுதான். வேலை அதிகம், ஆனாலும் பணம் சம்பந்தப்பட்ட ஃபார்ம் என்றால் நான் வேறு எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரே டேபிள், ஒரே ஃபார்ம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆக்சஸை எடுங்கள். சப்ஃபார்ம் வைத்த பில், ஆர்டர் மாதிரி வேலை என்றால் ரத்து பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டு அப்புறம் ஃபார்மை வரையுங்கள்.